புறப்பாட்டின் விஞ்ஞானமும் பொதுச் சாலையும்

நின்ற நிலையிலிருந்து புறப்பட்டுக் கால் மைல் தூரத்தை, அதாவது 402 மீட்டரை, மிகக் குறைந்த நேரத்தில் கடப்பதே டிராக் பந்தயம் எனப்படுவது. வளைவு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, நேரான தளமும் காலங்காட்டும் கருவியுமே இதற்கு வேண்டுவன. பெங்களூர் இளைஞரிடையே இந்த ஆர்வம் மிகுந்துள்ளது. விடியற்காலையில் விமான நிலையச் சாலை வழியே செல்வோர், விரைவு வண்டிகள் ஒன்றையொன்று முந்திப் பாய்வதைக் கண்டு அஞ்சி ஒதுங்கியதுண்டு.

எமது தெருவில் வசிக்கும் இளைஞர் ஒருவர் அண்மையில் தமது வண்டியின் ஆங்கிலக் கையேட்டுடன் என்னிடம் வந்தார். எஞ்சினின் திறனை உயர்த்தப் பெரும்பொருள் செலவிட்டும், புறப்படும்போது சக்கரங்கள் வழுக்கிச் சுழல்கின்றனவே என்பது அவரது குறை. கையேட்டில் உள்ள ‘லாஞ்ச் கண்ட்ரோல்’ என்னும் பகுதியை விளக்குமாறு கேட்டார். ‘புறப்பாட்டுக் கட்டுப்பாடு’ என்று அதனைத் தமிழாக்குவது எளிது. எதனைக் கட்டுப்படுத்துவது என்று விளக்கப் புகுந்தபோதுதான், பள்ளியில் நாம் கற்ற உராய்வுப் பாடம் முழுவதும் அதனுள் அடங்கியிருப்பதைக் கண்டோம்.

வண்டியை முன்னே தள்ளுவது எஞ்சின் என்று நாம் வழக்கமாகக் கூறுகிறோம். உண்மையில் அதனைத் தள்ளுவது தரை. டயர் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை உராய்வின் வழியாக வண்டியை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் எஞ்சின் தரும் விசை யாவும் டயரைத் தேய்க்கவும் புகை எழுப்பவுமே பயன்படும்.

ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். முன் சக்கரங்களால் இயங்கும் வண்டியொன்றின் எடையில் 60 சதவீதம் முன்பக்கம் இருப்பதாகக் கொள்வோம். ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர். முன்பின் அச்சுகளுக்கிடையே உள்ள தூரம் 2.7 மீட்டர், உராய்வுக் குணகம் 1. வண்டி முன்னே பாயும்போது எடையில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்கு மாறிவிடும். தரையைப் பற்ற வேண்டிய முன் சக்கரங்கள், எடை மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதனை இழக்கின்றன. ஆகவே இவ்வண்டி அடையக்கூடிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பாதியே. முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரை, அது 2.7 விநாடிக்குக் குறைவாகக் கடக்க இயலாது. எடை இருபுறமும் சமமாக உள்ள, பின் சக்கரங்களால் இயங்கும் வண்டிக்கு அதே எடைமாற்றம் துணைசெய்கிறது, அதற்கு 2.5 விநாடி போதும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி 1.9 விநாடியில் கடந்துவிடும். இவை அதே தளத்திற்கான எல்லைகள். பிசின் பூசி, ரப்பர் படியச்செய்த பந்தயத் தளத்தில் குணகம் உயர்வதால் நேரம் குறையும். புழுதி படிந்த சாலையில் கூடும்.

இக்கணக்கில் குதிரைத் திறன் எங்கும் வரவில்லை என்பதை ஆசிரியர்கள் கவனிப்பார்களாக. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் 200 வண்டிகள் மட்டுமே விற்பனைக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்னும் வண்டியின் எஞ்சின் 245 குதிரைத் திறன் உடையது. அதுவும் முன் சக்கரங்களால் இயங்குவதே. ஓட்டுநருடன் எடை ஏறத்தாழ 1,500 கிலோ எனக் கொண்டால், மேற்கூறிய முடுக்கத்தில் 60 அடியின் முடிவில் அதன் வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர் அளவில் இருக்கும். அந்நேரத்தில் சக்கரங்களில் தேவைப்படும் திறன் சுமார் 137 குதிரைத் திறனே. உள்ள திறனையே முதல் 18 மீட்டரில் பயன்படுத்த இயலாதபோது, இலட்சக்கணக்கில் செலவிட்டு மேலும் திறன் சேர்ப்பது புறப்பாட்டிற்கு எவ்வாறு உதவும்? மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே முழுத் திருப்புவிசையையும் தரவல்லது. ஆகவே மின்சார வண்டிகளுக்கு இவ்வுண்மை இன்னும் பொருந்தும்.

பெங்களூருக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. இந்நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கு நிலவும் குளிர்ச்சி அவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்தாலும், இயற்கையாகக் காற்றை உறிஞ்சும் எஞ்சின் தன் திறனில் சில சதவீதத்தை இழக்கவே செய்யும். டர்போ பொருத்திய எஞ்சின், காற்றை மிகுதியாக அழுத்தி இக்குறையைப் பெரிதும் சரிக்கட்டும். ஆயினும் அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதால், ஓர் ஓட்டத்திற்கும் அடுத்த ஓட்டத்திற்கும் இடையே குளிர்விப்பானுக்கு அவகாசம் தரவேண்டும். இரட்டைக் கிளச்சுக் கியர்ப்பெட்டிக்கும் இவ்வோய்வு இன்றியமையாதது.

அவ்வாறாயின் புறப்பாட்டைச் செம்மைப்படுத்துவது எங்ஙனம்? முதலில் டயரைக் கவனிக்க வேண்டும். இயக்கும் சக்கரங்களின் காற்றழுத்தத்தைச் சில பவுண்டுகள் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு விரியும். வீடு திரும்புமுன் பழைய அளவுக்குக் காற்றை நிரப்பிவிட வேண்டும். குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் விரைந்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும். சாதாரணச் சாலை டயரை நெடுநேரம் புகையச் சுழற்றுவதால் பயனில்லை. ஒட்டியுள்ள மணலும் கல்லும் உதிரச் சிறிது சுழற்றினால் போதும். அடுத்து, சிறிதளவு வழுக்கலே மிகுந்த பற்றைத் தரும் என்பதை அறியவேண்டும். சக்கரத்தின் வேகம் வண்டியின் வேகத்தைவிடப் பத்து முதல் பதினைந்து சதவீதம் மிகுந்திருக்கும் நிலையே பொதுவாகச் சிறந்தது. புறப்பாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி, எஞ்சின் சுழற்சியை ஒரு நிலையில் நிறுத்தி, திருப்புவிசையைக் குறைத்தும் கூட்டியும் இவ்வெல்லைக்குள் டயரை வைத்திருக்க முயல்கிறது. எந்தச் சுழற்சியில் புறப்படுவது என்பது தளத்திற்குத் தளம் மாறும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, டயர் அழுத்தம், வெப்பநிலை, 60 அடி நேரம் ஆகியவற்றைக் குறித்து வைப்பதே அதனைக் கண்டறியும் ஒரே வழி. ஆய்வுக்கூடத்தில் நாம் மாணவருக்குக் கற்பிக்கும் முறையும் இதுவே.

இதிலிருந்து என் கருத்து தானே பெறப்படும். தளம் மாறாதிருந்து, நேரம் சரியாக அளக்கப்பட்டாலன்றி இக்கலையில் ஒருவர் முன்னேற இயலாது. பொதுச் சாலையில் ஓரிடத்தில் மணல், வேறோரிடத்தில் எண்ணெய், எதிரே பால்வண்டி. அங்குப் பாய்பவர் தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைத்தும், புறப்பாட்டைப் பற்றி ஒன்றும் கற்பதில்லை. நிறுத்தும் தூரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் கால் மைலை முடிப்பவர், ஒரு விநாடித் தாமதத்தையும் சேர்த்து, உலர்ந்த தளத்தில் நிற்க ஏறத்தாழ 190 மீட்டர் வேண்டும். ஈரத் தளத்தில் 300 மீட்டர் வேண்டும். இது பிரேக்கும் டயரும் பழுதின்றி இருக்கும்போது மட்டுமே பொருந்தும் கணக்கு.

இடம் தருவது வேகத்தை ஊக்குவிப்பதாகும் என்று சிலர் மறுப்பர். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது. அமெரிக்காவில் சாலைப் பந்தயங்கள் மிகுந்தபோது, 1950இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா விமான நிலையத்தில் முறையான ஓட்டங்கள் தொடங்கின. மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பார் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவி விதிகள் வகுத்தார். நம் நாட்டிலும் 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம், போர்க்கால விமானத்தளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது; பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தளம் அமைத்தது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் போட்டிகள் அங்கு நடைபெற்றுள்ளன. விதி உள்ள இடத்திலும் ஆபத்து அறவே ஒழிவதில்லை. 2008இல் ஸ்காட் கலிட்டா என்னும் வீரர் உயிரிழந்தபின், அமெரிக்கச் சங்கம் மிக விரைவான வண்டிகளுக்கு ஓட்டத் தூரத்தை 1,000 அடியாகக் குறைத்தது. நிறுத்துவதற்கு வேண்டிய இடம் அதனால் கூடிற்று. சாலையில் நேரும் மரணத்தால் அவ்வாறு விதி எதுவும் திருந்துவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயம் நடத்துவதையும் அதில் கலந்துகொள்வதையும் குற்றமாக்குகிறது. 2019இல் செய்த திருத்தத்தின்படி முதல் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தண்டனையைப் பலரும் அறிவர். ‘இசைவு’ என்ற சொல்லும் அதே பிரிவில் இருப்பதை அதிகாரிகள் மறத்தலாகாது. பெங்களூரைச் சுற்றி நேரான தளம் ஒன்றை, மாதத்தில் ஒரு நாளேனும், மருத்துவ வண்டியும் தீயணைப்பு வண்டியும் தடுப்புச் சுவரும் அமைத்து, குறைந்த கட்டணத்தில் திறந்துவிடுவது கடினமன்று. அதற்கு ஆகும் செலவு ஓர் உயிரின் விலைக்கு ஈடாகாது.

அதுவரை ஆசிரியர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மரக்கட்டை, விற்றராசு, சிறிது மணல் ஆகியவற்றைக் கொண்டு உராய்வுச் சோதனையை வகுப்பில் நடத்துக. கட்டையின் அடியில் மணலைத் தூவியதும் தராசின் முள் எவ்வளவு இறங்குகிறது என்பதை மாணவரே படித்துக் குறிக்கட்டும். பின்னர் அந்தக் கட்டைக்குப் பதிலாக 1,500 கிலோ வண்டியொன்றை எண்ணிப் பார்க்கச் சொல்லுக. களப்பணியாளரும் கிராமக் கூட்டங்களில் இதனைச் செய்து காட்டலாம். எமது தெரு இளைஞர் அன்று கையேட்டை மூடிவிட்டு, ‘அப்படியானால் நான் முதலில் வாங்கவேண்டியது டயரும் ஒரு குறிப்பேடும்தானா, ஐயா?’ என்று கேட்டார். ஆம் என்றேன். எங்கே சென்று ஓட்டிப் பார்ப்பது என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு, முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இருங்காட்டுக்கோட்டையைத் தவிர வேறிடம் கூற என்னால் இயலவில்லை.