உழைப்பு எவ்வளவு, பட்டா எவ்வளவு?

"அவன் உழைச்சான், முன்னுக்கு வந்தான். இவனுக்குச் சாமர்த்தியம் பத்தல, அப்படியே கிடக்கிறான்." எங்க ஊர் டீக்கடையில வாரம் ஒரு தடவையாவது இந்தத் தீர்ப்பு வந்துடும். டவுன்ல இருக்கிற நீங்களும் ஊருக்கு வரும்போது கேட்டிருப்பீங்க. சில பேர் சொல்லியும் இருப்பீங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. ஏன்னு கணக்கோடவே சொல்றேன்.

நாங்க மூணு பேர் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. மூணு பேரும் டெல்டாவுல ஒரே வாய்க்கால் தண்ணியில சம்பா போடுறோம். ஒருத்தனுக்கு அப்பா வழியில ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர், போர்செட்டோட வந்துச்சு. எங்க வீட்டு நிலம் ஒன்பது மா, மூணு ஏக்கர். அதுல ஒரு ஏக்கர் எங்க அக்கா பங்கு, அவங்க பேர்லதான் இருக்கு. நான் சாகுபடி பண்ணி வருஷா வருஷம் நெல்லு அளந்துடறேன். மூணாவது நண்பனோட அப்பா பண்ணையாளா இருந்தவர். 1971-ல வந்த குடியிருப்புச் சட்டத்தாலதான் அவங்க குடிசை இருந்த மனை அவங்களுக்கே சொந்தமாச்சு. அவனுக்கு வந்த பரம்பரைச் சொத்து அந்த மனை மட்டும்தான். இப்ப நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பண்றான்.

எங்க மூணு பேர்ல விடியறதுக்கு முன்னாடி வயல்ல நிக்கிறவன் அவன்தான். நாத்தைப் பார்த்தே என்ன நோய்னு சொல்லிடுவான். சந்தேகம் வந்தா நானே அவனைத்தான் கேப்பேன். அப்புறம் ஏன் அவன் கையில காசு நிக்கல?

கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கணும்னா சிட்டா, அடங்கல் வேணும். கெடுவுக்குள்ள கட்டினா அந்தக் கடனுக்கு வட்டியே கிடையாது. எனக்கு அது கிடைக்குது. அவன் குத்தகை வாய்ப்பேச்சு. அடங்கல்ல குத்தகைக்காரன் பேரு ஏறினா நிலம் கைவிட்டுப் போயிடுமோன்னு நிலக்காரங்களுக்குப் பயம். அதனால அவன் பொண்டாட்டி நகை அடகுக்குப் போகுது, மீதிக்குக் கைமாத்து, வட்டி. மத்திய அரசு வருஷத்துக்குக் குடுக்கிற 6,000 ரூபாயும் நிலம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். கொள்முதல் நிலையத்துல நெல்லு போடவும் அதே காகிதம்தான் கேக்குறாங்க. நிலக்காரர் மனசு வெச்சு எடுத்துக் குடுத்தா உண்டு. இல்லாட்டி களத்துக்கு வர்ற வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுட வேண்டியதுதான்.

ஐப்பசி, கார்த்திகையில மழை அடிச்சுப் பயிர் மூழ்கினா மூணு பேருக்கும் நஷ்டம்தான். பத்து ஏக்கர்காரனுக்கு அது ஒரு போகத்தோட போச்சு. எனக்கு ஒரு வருஷம் இழுக்கும். குத்தகைக்காரனுக்கு மூணு வருஷம். நிவாரணப் பணம் வந்தாலும் அடங்கல்ல பேரு இருக்கிறவங்க கணக்குக்குத்தான் போகுது. பரம்பரைச் சொத்துன்னா வெறும் மண்ணுன்னு நினைச்சுடாதீங்க. ஒரு தடவை தோத்தாலும் மறுபடி விதைக்கத் தெம்பு குடுக்கிறது அதுதான்.

அடுத்த தலைமுறையையும் பாருங்க. பெரிய நிலக்காரன் மகன் சென்னையில வேலை பார்க்கிறான். ஃபிளாட் வாங்க முன்பணம் அப்பா குடுத்தார். அந்தப் பையன் சம்பளம் அவனுக்கே. குத்தகைக்கார நண்பனோட மகளும் படிச்ச பொண்ணுதான், திருப்பூர்ல வேலை. அது சம்பளம் மாசா மாசம் ஊருக்கு வந்து அப்பன் கடனை அடைக்குது. பத்து வருஷம் கழிச்சு ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வெச்சு, "அவன் சேர்த்துட்டான், அவ சேர்க்கல"ன்னு இதே டீக்கடையில பேசுவாங்க.

பத்து ஏக்கர் நண்பன் கெட்டவன் இல்லை. வாய்க்கால் காஞ்சா காசு வாங்காம போர் தண்ணி விடுறவன். அவனும் சேத்துல இறங்கி உழைக்கிறவன்தான். ஆனா போன தை மாசம் எல்லார் முன்னாடியும், "அப்பவே நீ ரெண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கலாம்ல"ன்னு இவன்கிட்ட சொல்லிட்டான். இவன் ஒண்ணும் பேசல. அதுக்கப்புறம் டீக்கடைக்கு வர்றதையே விட்டுட்டான். நாப்பது வருஷ சிநேகிதம் ஒரு வார்த்தையில போச்சு.

அந்த ஒன்றரை வேலியும் அவன் பாகத்துக்கு மட்டும் வந்ததில்லை. ரெண்டு தங்கச்சிங்க சீர் வாங்கிக்கிட்டு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டதால வந்தது. பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல சமபங்குன்னு 1989-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்துடுச்சு, 2005-ல நாடு முழுக்க வந்துச்சு. ஊர்ல இன்னும் "கூடப் பொறந்தவகிட்ட பங்கு கேக்குறதா"ன்னு பொண்ணுங்களைத்தான் ஏசுறாங்க. ஒருத்தனோட சாமர்த்தியத்துல பாதி, அவன் தங்கச்சி போட்ட கையெழுத்தா இருக்கலாம்.

சொத்து வெச்சிருக்கிறது தப்புன்னு நான் சொல்லல. எனக்கும் ரெண்டு ஏக்கர் வந்துச்சு, அதுலதான் சோறு திங்கிறேன். ஒருத்தனை இன்னொருத்தனோட ஒப்பிடறதுக்கு முன்னாடி, எங்க இருந்து கிளம்பினான்னு கேளுங்கன்னுதான் சொல்றேன். கேட்டுட்டா பாதி ஏளனம் வாயிலயே நின்னுடும்.

இதைப் படிக்கிற உங்கள்ல சில பேருக்கு ஊர்ல நிலம் இருக்கும், யாரோ ஒருத்தர் குத்தகைக்குப் பண்ணுவாங்க. அவர் பேரை அடங்கல்ல ஏத்த விடுங்க. பயமா இருந்தா தாலுகா ஆபீஸ்ல விசாரிச்சு, முறையா ஒரு ஒப்பந்தம் எழுதிக்கங்க. அதுவும் முடியலையா, பயிர் மூழ்கின வருஷம் உங்க கணக்குக்கு வர்ற நிவாரணப் பணத்தையாவது அவர் கையில குடுத்துடுங்க. மூழ்கினது அவர் போட்ட நெல்லு.