தையல் போட்டவர் யார்?

சென்ற மாதம் நமது சங்கப் படிப்பகத்தில் ஒரு கார்ட்டூன் தகராறு கிளப்பிவிட்டது. பி.ஏ. வரலாறு படிக்கும் நம் வட்டாரப் பையன் ஒருவன், அமெரிக்க வரலாற்றுத் தாளுக்கான கைடு ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் 1865இல் வெளியான சித்திரம். உலக உருண்டையின் மேல் உட்கார்ந்து, கிழிந்த அமெரிக்க வரைபடத்தை ஊசி நூலால் தைக்கிறார் ஆண்ட்ரூ ஜான்சன். அரசியலுக்கு வருமுன் தையல் தொழிலாளி. உருண்டை உருளாமல் ஒரு கழியால் நெம்பிக்கொண்டு நிற்கிறார் லிங்கன். 'ரெயில் பிளப்பவர்' என்பது லிங்கனின் பட்டப்பெயர். ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம்கூட முதலில் ஏமாந்தோம். அது தண்டவாளம் அல்ல, வேலிக்குப் பிளந்த மரக்கழி!

"இச்சித்திரம் உணர்த்துவது யாது?" என்பது கேள்வி. "போருக்குப் பின் தலைவர்கள் நாட்டை ஒன்றுபடுத்தினர்" என்பது கைடு தரும் பதில். மனப்பாடம் செய், மார்க்கு வாங்கு! பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவரோ, "கார்ட்டூன்தானே, சிரித்துவிட்டுப் போங்கள்" என்றார்.

நாம் சிரிக்கத் தயாராக இல்லை.

கிழிந்தது வெறும் துணியா? 1861 முதல் 1865 வரை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட போர் அது. 40 லட்சம் அடிமைகளின் விலங்கை ஒட்டி மூண்ட போர். அந்த 40 லட்சத்தில் ஒருவர்கூட அந்தப் படத்தில் இல்லை. தைப்பவர் இருக்கிறார், தாங்கிப் பிடிப்பவர் இருக்கிறார், யாருக்காகத் தைக்கிறார்கள்? இதைக் கேட்காத விளக்கம் என்ன விளக்கம்?

அதே ஆண்டு ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊசி ஜான்சன் கைக்கு வந்தது. எப்படித் தைத்தார்? கலகம் செய்த பண்ணையார்களுக்கு மன்னிப்பு! விடுதலை பெற்றவர்கள் உழத் தொடங்கியிருந்த நிலங்கள் பழைய எஜமானர்களுக்கே திரும்பின. தென் மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்கள்' போட்டன. வேலையில்லாமல் நின்ற கறுப்பரைப் பிடித்து அபராதம் விதிப்பது, கட்ட முடியாதவரைப் பண்ணை வேலைக்கு விடுவது. இதுதான் ஒட்டுத்தையல்!

அந்தக் கைடில் இல்லாத படங்களையும் பார்ப்போம். அதே 1865இல் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில் தாமஸ் நாஸ்ட் இரண்டு படங்களை எதிரெதிர்ப் பக்கங்களில் வரைந்தார். நமக்குப் பாரத மாதா போல அவர்களுக்குக் கொலம்பியா. ஒரு பக்கத்தில் தோற்ற கலகக்காரர்கள் அவள் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். மறுபக்கத்தில் ஒரு காலை இழந்த கறுப்புச் சிப்பாய். அவள் அவன் தோளில் கைவைத்து, இவனுக்கு வாக்குரிமை இல்லையா என்று கேட்கிறாள். பேனா என்றால் இது பேனா!

ஆனால் அந்தப் பேனாவையும் நாம் கும்பிடவில்லை. 1874 மார்ச்சில் அதே நாஸ்ட், தென் கரோலினா சட்டசபையின் கறுப்பு உறுப்பினர்களைக் கூச்சலிடும் கோமாளிகளாக்கினார். கொலம்பியா அவர்களை அதட்டிப் பின்வரிசைக்குப் போகச் சொல்கிறாள். அங்கே ஊழல் இல்லை என்று நாம் வாதாடவில்லை, இருந்தது. ஆனால் 1871இல் நியூயார்க்கின் வெள்ளையர் ட்வீட் அடித்த கொள்ளையை வரைந்தவரும் இவரே. வெள்ளை இனமே ஆளத் தகுதியற்றது என்று அப்போது வரைந்தாரா? அந்த மாநிலத்தில் பொதுப் பள்ளிகளுக்கு வழிசெய்த 1868 அரசியல் சட்டத்தை எழுதிய அவையில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள் என்பதை அந்தப் படம் சொல்லவே இல்லை.

இதற்கு ஓராண்டு முன்புதான், 1873இல், நமக்குப் பக்கத்துப் பூனாவில் மகாத்மா ஜோதிராவ் புலே தமது 'குலாம்கிரி'யை, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இங்கே சூத்திரருக்கும் ஆதிசூத்திரருக்கும் அது விடிவெள்ளி. அங்கேயோ விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்!

1874 அக்டோபரில் நாஸ்டே ஒரு கைகுலுக்கலை வரைந்தார். வெள்ளையர் லீக்கைச் சேர்ந்தவனும் முகமூடி போட்ட கிளான்காரனும் கைகோத்து நிற்க, கீழே ஒரு கறுப்புக் குடும்பம் செத்த குழந்தையோடு ஒடுங்கிக் கிடக்கிறது. பின்னால் பள்ளிக்கூடம் எரிகிறது. அடிமைத்தனத்தைவிடக் கேடு என்பது தலைப்பு. ஒற்றுமைக்கு அடியில் கிடப்பவர் யார் என்று இங்கே தெரிகிறது. 1877இல் தென் மாநிலச் சட்டசபைகளைக் காத்துநின்ற மத்தியப் படை விலகியது. 1870இல் ஏட்டில் எழுதிய வாக்குரிமையைக் கைக்குக் கொண்டுவர 1965ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது.

கார்ட்டூன்தானே என்ற பெரியவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, 1960களில் பம்பாயில் தென்னிந்தியரைக் கேலி செய்து வந்த படங்களை எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். படத்துக்குப் பின்னால் கல்லும் வந்ததே! அப்போதும் சிரித்துவிட்டா போனீர்கள்?

பரீட்சையில் என்ன எழுதுவது என்று பையன் கேட்கிறான். கைடின் பதிலை முதல் வரியில் எழுது, அடுத்த வரியில் உன் கேள்வியை எழுது என்றோம். வரும் ஞாயிறு மாலை இந்தப் படங்களைப் படிப்பகச் சுவரில் ஒட்டப்போகிறோம். பெரியவரும் அவசியம் வரவேண்டும். அவருக்கு முன்வரிசை நாற்காலி போட்டிருக்கும்.