பயணநூல் பயனற்ற நூலா?

"பயணநூல் வெறும் பொழுதுபோக்கு, அதைப் படிப்பதால் மாணவனுக்கு ஒரு புள்ளியும் கூடாது." ஆசிரியர் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் இவ்வாறு மொழிந்தார். கூடியிருந்தோருள் பலர் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாம் கற்பிக்கும் முறையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். 'நான் சென்ற சுற்றுலா' என்று தலைப்புக் கொடுக்கிறோம். வகுப்பில் உள்ள அனைவரும் ஒரே பேருந்தில் ஏறி, ஒரே கடற்கரையில் இறங்கி, 'மட்டற்ற மகிழ்ச்சியுடன்' இல்லம் திரும்புகின்றனர். அங்கே என்ன உண்டாய், யாருடன் பேசினாய் என்று கேட்டால் விழிக்கின்றனர். பிழை அவர்களுடையதன்று, மனப்பாடக் கட்டுரையைக் கையில் திணித்த நம்முடையது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அது வளர்த்த பழக்கமோ இன்னும் நீங்கவில்லை.

உணவைப் பற்றி எழுதுவதும் ஓர் இலக்கியமா என்று வினவுவார் உளர். 15ஆம் நூற்றாண்டில் செங் ஹோவின் கப்பற்படையோடு மலாக்கா வந்த மா ஹுவான், மன்னனின் சிறப்பை மட்டும் எழுதிச் செல்லவில்லை. மக்கள் சாகோ மரத்தின் மாவைச் சிறு மணிகளாக்கி, வெயிலில் உலர்த்தி உண்டதையும், வாணிபத்தில் ஈயத்தைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்ததையும் குறித்து வைத்தார். இன்று நம் மாணவன் சுவைக்கும் சாகோ குலா மலாக்காவின் பின்னே அறுநூறு ஆண்டு வரலாறு நிற்கிறது. இதனை அறிந்து உண்பவனுக்கு வரலாறு கசக்குமா?

மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குருதியும் கலந்த குடும்பத்தார். இளமையில் தமிழ் கற்றவர். 1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தானுக்குக் கடற்பயணம் சென்று, கண்டதை ஒளிக்காமல் எழுதினார். பெண்கள் சுமை சுமந்து சந்தையில் விற்றதையும், ஆடவர் ஆயுதம் தரித்து வீணே திரிந்ததையும் சாடினார். குடிகளின் வறுமைக்கு ஆட்சியாளரைப் பொறுப்பாக்கினார். அவர் பார்வையிலும் குறையுண்டு. ஆங்கிலேயர் ஆட்சியை அளவுகோலாகக் கொண்டே பிற நாடுகளை எடை போட்டார். அந்தக் குறையைக் கண்டுபிடிக்க மாணவனைப் பழக்குவதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேறு எது?

தமிழில் இத்தகைய நூல் இல்லையென்று கூறவும் இயலாது. 'உலகம் சுற்றும் தமிழன்' நூலை ஏ. கே. செட்டியார் 1940இலேயே வெளியிட்டுவிட்டார். பிறர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தவர் அவர். அவர் நூல் நம் பள்ளி நூலகங்களில் எத்தனையில் உண்டு? இருக்கும் நூல்களையும் பூட்டிய அலமாரியில் வைத்துக் காப்பாற்றுகிறோம், மாணவரிடமிருந்து!

என் தாத்தா 'ரஜூலா' கப்பலில் இந்நாட்டுக்கு வந்தவர். அந்தக் கப்பல் 1973இல் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அவர் கப்பற்கதை தொடங்கும் போதெல்லாம், "பாடம் படிக்கணும் தாத்தா" என்று நான் எழுந்து போவேன். நான் பள்ளியில் படிக்கும்போதே அவர் மறைந்தார். கப்பலில் அவருக்கு என்ன சோறு போட்டார்கள், பக்கத்தில் படுத்திருந்தவர் எவ்வூரார், கரையிறங்கியதும் முதலில் எதை உண்டார் என்பன எனக்குத் தெரியா. அன்று நான் ஓடிச்சென்று படித்த பாடம் எதுவென்பதும் இன்று நினைவில்லை.

கடல் கடந்து வந்த ஓர் இனம் தன் கடற்பயணத்தை எழுதி வைக்காமற் போனதற்கு, "இதெல்லாம் இலக்கியமன்று" என்று நாம் அசைத்த தலையும் ஒரு காரணம் என்பதே என் துணிபு.

ஆசிரியப் பெருமக்களே! வாரத்தில் ஒரு பாடவேளை பயணநூலை வகுப்பில் உரக்கப் படியுங்கள். மாணவச் செல்வங்களே! இன்றிரவே உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் அமர்ந்து, அவர் முதன்முதலாக ஊர்விட்டு ஊர் சென்றபோது என்ன உண்டார் என்று கேளுங்கள். அவர் கூறுவதை அப்படியே எழுதுங்கள். புள்ளி கிடைக்காமற் போகலாம். உங்கள் தாத்தாவும் பாட்டியும் உங்களுக்குக் கிடைப்பார்கள்.