விலகுவதும் ஒரு தர்மமே

ஒரு ஸ்தாபனத்தை விட்டு ஒருவர் விலகினால், ஒன்று அவர் துரோகம் செய்தவராக இருக்க வேண்டும், அல்லது துரத்தப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஜனங்கள் கருதுவது வழக்கமாகிவிட்டது. சங்கீத கோஷ்டிகள் விஷயத்தில் இந்த அபிப்பிராயம் இன்னும் பலமாக வேரூன்றியிருக்கிறது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதற்கு, 1977-ம் வருஷம் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு பாட்டு சாட்சியாக நிற்கிறது. பீட்டர் கேப்ரியல் தனித்துப் பாடி வெளியிட்ட முதல் இசைத்தட்டாகிய 'ஸால்ஸ்பரி ஹில்'தான் அது.

விவரம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லுவோம். 1967-ல் சார்ட்டர்ஹௌஸ் பள்ளிக்கூட மாணவர்கள் சிலர் கூடி ஆரம்பித்தது ஜெனிஸிஸ் கோஷ்டி. 'புரோகிரஸிவ் ராக்' என்று பெயர் பெற்ற, நீண்டு விரிந்த சிக்கலான சங்கீதத்தில் அது முன்னணியில் நின்றது. விசித்திர வேஷங்கள் தரித்து மேடையில் தோன்றிய பாடகர் கேப்ரியலே கோஷ்டியின் முகமாக விளங்கினார். பத்திரிகைகளும் அவரையே புகழ்ந்தன. மற்றவர்களுக்கு இதில் மனக்குறை ஏற்பட்டது இயற்கையே. 1974-ல் அவருடைய முதல் குழந்தை பிறந்து, அதன் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. தொழிலா, குடும்பமா என்ற கேள்வி அவர் முன் வந்து நின்றது.

அவர் செய்தது என்ன? அந்த வருஷக் கடைசியில், அமெரிக்கச் சுற்றுப்பிரயாணத்தின் தொடக்கத்திலேயே, தாம் விலகப்போவதைத் தம் சகாக்களிடம் தெரிவித்தார். ஆனால், பாதி வழியில் அவர்களைக் கைவிடவில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிகளுக்காக 1975 மே மாதம் வரை மேடையில் நின்றார். செய்தி வெளியான பிறகு, தம் காரணங்களை விளக்கிப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சகாக்கள் மீது பழி சுமத்தி அனுதாபம் தேட அவர் முற்படவில்லை.

பின்னர் வந்த பாட்டு அந்த மன நிலையின் பிரதிபிம்பம். பாத் நகரத்தின் அருகே, பழங்காலக் கோட்டையின் சின்னங்கள் உள்ள ஒரு குன்றின் பெயரே அதன் பெயர். கையிலிருப்பதை இழக்கத் துணிந்தால்தான் வரவேண்டியது வரும் என்பதே அதன் கருத்தென்று அவரே விளக்கியிருக்கிறார். பாட்டின் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. மிச்ர சாபு தாளம் அறிந்த நம் ரஸிகர்களுக்கு ஏழு புதிதல்ல. நான்கிலேயே பழகிய மேனாட்டுக் காதுகளுக்கோ அது அபூர்வம். ஆயினும் கேட்பவருக்கு இடறுவதில்லை. பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் அது 13-வது இடத்தை எட்டியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். "பாட்டு வெற்றி பெற்றதால் விலகியது சரியாகிவிட்டது, தோற்றிருந்தால்?" என்று சிலர் கேட்பார்கள். தோற்றிருந்தாலும் சரியே என்பது நமது அபிப்பிராயம். விலகுவதன் நியாயத்தை அளக்க வேண்டியது பிற்கால லாபத்தைக் கொண்டல்ல. விலகிய முறையைக் கொண்டுதான். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாரா, பின்னால் இருப்பவர்கள் தலைநிமிர்ந்து நடக்க வழி விட்டாரா என்பவையே கேள்விகள்.

மற்றவர்களின் நடத்தையும் போற்றத்தக்கதே. ஒருவர் போனால் எல்லாம் போயிற்று என்று அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. புதுப் பாடகர் பலரைச் சோதித்துப் பார்த்த பின், மத்தளம் வாசித்துவந்த தங்கள் சகாவான பில் காலின்ஸையே பாடச் செய்தார்கள். 1976-ல் வெளியான அவர்களுடைய இசைத்தட்டு பிரிட்டனில் மூன்றாவது இடத்தை அடைந்தது. ஒருவரை மட்டுமே நம்பி நிற்காத ஸ்தாபனமே உயிருள்ள ஸ்தாபனம்.

இந்தக் கண்ணியத்தின் பலன் 1982-ல் தெரிந்தது. உலக நாடுகளின் இசையை ஒரே மேடையில் கூட்ட கேப்ரியல் முயன்று தொடங்கிய 'வோமாட்' விழா பெருங்கடனில் முடிந்தது. அப்போது கைகொடுத்தவர்கள் யார்? அவர் விட்டுச் சென்ற அதே சகாக்கள்! அக்டோபர் 2-ம் தேதி மில்டன் கீன்ஸில், மழையில், அவரோடு சேர்ந்து கச்சேரி நடத்திக் கடனைத் தீர்க்க உதவினார்கள். 2022 மார்ச்சில் லண்டனில் ஜெனிஸிஸ் தன் கடைசிக் கச்சேரியை நடத்தியபோது, கேப்ரியல் சபையில் ஒருவராக வந்து அமர்ந்திருந்தார்.

சேர்ந்து உழைப்பது பெரிது. ஆனால், பிரிய வேண்டிய நேரத்தில் பகையின்றிப் பிரிவது அதனினும் அரிது. பிரிகிறவர் வாக்கைக் காக்கட்டும். இருக்கிறவர்கள் வாசலைத் திறந்து வைக்கட்டும். இரண்டும் இருந்தால் பிரிவினால் எவருக்கும் நஷ்டமில்லை என்பதே நாம் சொல்ல விரும்புவது.