கட்டிய படகு, கசியும் மின்சாரம்

மாலை ஐந்தரை மணி. வேம்பநாட்டு ஏரியில் மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் நெருங்குகிறது. சுற்றுலாப் படகுகள் அதற்கு வழிவிட வேண்டும். ஆலப்புழையிலும் குமரகத்திலும் கெட்டுவள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரையோரத் தென்னைகளுக்கு அருகே வந்து ஒதுங்குகின்றன. கயிறு கட்டியாயிற்று. எஞ்சின் ஓய்ந்தாயிற்று. பயணிகள் கரிமீன் வறுவலுக்குக் காத்திருக்கிறார்கள். படகின் அன்றைய வேலை முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை வேலை அப்போதுதான் ஆரம்பமாகிறது.

ஒரு காலத்தில் கெட்டுவள்ளத்துக்கு இந்தக் கவலையே கிடையாது. ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குப் படகு அது. குட்டநாட்டு நெல்லைக் கொச்சிக்குச் சுமந்தது. இரவுக்கு ஓர் அரிக்கேன் விளக்கு போதும். 1990களில் அது சுற்றுலாப் படகாக மாறத் தொடங்கியது. படுக்கை அறை வந்தது. பிறகு மின்விசிறி, ஃபிரிட்ஜ், டி.வி., கடைசியில் ஏ.சி.யும் வந்தது.

கட்டிய படகுக்கு இரண்டு வகை மின்சாரம். ஒன்று, படகிலேயே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி. மற்றது, கரையிலிருந்து கேபிள் வழியாக வரும் 230 வோல்ட். முதலாவதில் தவறு செய்தால் காலையில் எஞ்சின் கிளம்பாது. இரண்டாவதில் தவறு செய்தால் ஓர் உயிர் போகலாம்.

முதலில் பேட்டரி. 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் சாதாரண ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் செலவு செய்யலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. நாலு எல்.ஈ.டி. விளக்கு, இரண்டு சிறிய மின்விசிறி, ஒரு சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து பத்து ஆம்பியர் இழுத்தால், கையில் உள்ள 50 ஆம்பியர்-மணி ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஏ.சி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம். 1,500 வாட் ஏ.சி.யை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்ட 125 ஆம்பியருக்கு மேல் தேவை. அரை மணி கூடத் தாங்காது. அதனால்தான் இரவானால் ஜெனரேட்டர் அல்லது கரை மின்சாரம்.

பல படகுகளில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது விளக்கு விசிறிக்கு. நடுவே ஒரு திருகு ஸ்விட்ச். அதில் நாலு நிலைகள்: ஆஃப், 1, 2, இரண்டும். பலர் சௌகரியத்துக்காக ‘இரண்டும்’ என்ற இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். இரவு முழுக்க விசிறி ஓடுகிறது. விடிந்து பார்த்தால் இரண்டுமே காலி. படகைக் கட்டியதும் ஸ்விட்சை விளக்கு பேட்டரிக்கு மட்டும் திருப்பிவிட்டால், மறுநாள் எஞ்சினுக்கான பேட்டரி தொடப்படாமல் காத்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது இந்த ஸ்விட்சை ‘ஆஃப்’ பக்கம் கொண்டுபோகவே கூடாது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்யும் மின்சாரத்துக்குத் திடீரென்று போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறும். உள்ளே இருக்கும் டையோடுகள் கருகிவிடும். எஞ்சினை நிறுத்து, பிறகு ஸ்விட்சைத் தொடு என்பதே விதி.

சரி, ஊருக்குப் போகிறோம், எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று மெயின் ஸ்விட்சைத் திருப்புகிறவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் படகின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்பும் அதே ஸ்விட்சில் மாட்டியிருந்தால் விபரீதம். மரப் படகில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும். மழை வேறு. அந்தப் பம்ப்பையும் அதை இயக்கும் மிதவை ஸ்விட்சையும் தனி ஃபியூஸ் போட்டு நேரே பேட்டரியில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய இடத்திலேயே படகு மூழ்கும்.

இனி கரை மின்சாரம். கம்பத்திலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒரு கேபிள் வருகிறது. அதில் ஒரு சாதாரண பிளக். வீட்டில் மிக்ஸிக்குப் போடுவது போலத்தான். வித்தியாசம், இங்கே கீழே தண்ணீர். அதுவும் வெறும் தண்ணீர் அல்ல. குட்டநாட்டில் அது கரையோர வீடுகளின் குளியலறை. பெண்கள் துணி துவைக்கிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள், பிள்ளைகள் நீந்துகிறார்கள்.

படகில் ஏதோ ஓர் இடத்தில் ஒயரின் உறை தேய்ந்து, மின்சாரம் எஞ்சின் தண்டு வழியாகத் தண்ணீரில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மனித உடலைவிட அதுவே சுலபமான பாதை என்பதால் மின்சாரம் பெரும்பாலும் ஆளைச் சுற்றிப் போய்விடும். நல்ல தண்ணீரில் கதை தலைகீழ். உடலில் உப்பு உண்டு, தண்ணீரில் இல்லை. மின்சாரம் உடலைத் தேடி வருகிறது. வேம்பநாட்டு ஏரி மழைக்காலத்தில் ஏறக்குறைய நல்ல தண்ணீர். கோடையில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்கள் உப்பைத் தடுக்கின்றன. நெல்லுக்கு நல்லது. ஆனால் கசியும் மின்சாரத்துக்கு அந்தத் தண்ணீரே வாகாக இருக்கிறது.

தரையில் ஷாக் அடித்தால் சில சமயம் கையை உதறிவிட்டு விலகலாம். தண்ணீரில் 15 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே தசைகள் இறுகிப்போகும். நீந்தத் தெரிந்தவரும் நீந்த முடியாது. உடம்பில் தீக்காயம் இருக்காது. பார்க்கிறவர்கள், மூழ்கி இறந்தார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். காப்பாற்றக் குதிக்கிறவரும் அதே வலையில் சிக்குவார். முதலில் கரை மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு கயிறோ மிதவையோ வீசுவதுதான் வழி.

வீட்டு எம்.சி.பி. இதைத் தடுக்காதா? தடுக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் போனால்தான் விழும். ஆளைக் கொல்லும் மின்சாரம் அதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. தேவைப்படுவது ஆர்.சி.சி.பி. பழைய பெயர் ஈ.எல்.சி.பி. போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். அது கரை முனையில், கேபிள் கிளம்பும் இடத்தில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். அது இருக்கிறது என்பதற்காகக் கேபிள் மாட்டிய படகருகே குளிக்கலாம் என்று அர்த்தமல்ல.

இங்கே ஒரு சபலமும் உண்டு. கரையின் எர்த் ஒயர் பக்கத்துப் படகுகளையும் இணைக்கிறது. தண்ணீரில் வெவ்வேறு உலோகங்கள், நடுவே ஒயர் என்றால் அதுவே ஒரு பேட்டரிதான். ப்ரொப்பெல்லரைக் காக்க மாட்டிய துத்தநாகக் கட்டி சீக்கிரமே கரைந்துபோகும். துத்தநாகம் தீர்ந்தால் அடுத்தது ப்ரொப்பெல்லர். எர்த்தை வெட்டிவிட்டால் அரிப்பு நிற்கும் என்று யாராவது யோசனை சொல்வார். அரிப்பு நிற்கும் என்பது உண்மை. ஆனால் கசியும் மின்சாரத்துக்குக் கரைக்குத் திரும்பும் பத்திரமான வழியும் அதோடு போய்விடும். எர்த் ஒயரில் கால்வானிக் ஐசொலேட்டர் என்ற சிறு கருவியைச் சேர்த்தால் எர்த்தும் இருக்கும், ப்ரொப்பெல்லரும் பிழைக்கும். உலோகத்தைக் காப்பாற்ற ஆளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

மற்றவை எளிய ஒழுங்குகள். மாட்டும்போது ஸ்விட்சுகளை அணைத்து, படகு முனையை முதலில் செருகி, கரை முனையைக் கடைசியில் செருக வேண்டும். கழற்றும்போது கரை முனை முதலில். அப்போதுதான் கையில் இருக்கும் கேபிளில் உயிர் இருக்காது. சுருட்டிய கேபிளில் ஏ.சி. ஓட்டினால் கேபிள் சூடேறும். முழுக்கப் பிரித்துப் போட வேண்டும். கொச்சிப் பக்கம் ஏற்ற இறக்கத்தில் படகு உயர்ந்து தாழும் என்பதால் கேபிளில் தளர்ச்சி வேண்டும். ஆனால் இணைப்பு தண்ணீரைத் தொடக் கூடாது. ஜெனரேட்டரும் கரை மின்சாரமும் ஒரே நேரத்தில் சந்திக்காதபடி நடுவே சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் அவசியம்.

இது சுற்றுலாப் படகுகளின் கவலை மட்டுமல்ல. வைக்கம்-தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றிச் செல்லும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோ வந்தது. அதன் பேட்டரிப் படகுகள் துறையில் நின்று சில நிமிடங்களில் சார்ஜ் செய்துகொள்கின்றன. அங்கே அதற்கென்றே அமைத்த இணைப்பும் பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. டீசல் புகை குறைவது நல்ல செய்தி. ஆனால் புகை குறையக் குறைய, கரைக்கும் படகுக்கும் நடுவே கேபிள்கள் பெருகும். தென்னை மரத்தடியில் ஒதுங்கும் படகுக்கும் அந்த ஒழுங்கு வந்தாக வேண்டும்.

வாடகை பேசும் பயணிகள் ஏ.சி. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று தவறாமல் கேட்கிறார்கள். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது, கேபிளின் மறுமுனையில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் கேட்கலாம். ஏ.சி. அறைக்குள் தூங்குகிறவருக்கு அதனால் கிடைப்பது ஒரு பதில். விடியற்காலையில் குடத்தோடு படித்துறையில் இறங்கும் பெண்ணுக்கு, அது உயிர்.