கிராக் ஃபோட்டோஷாப்பில் விடுதலைச் சுவரொட்டி

“கிராக் போட்ட ஃபோட்டோஷாப் இருக்கும்போது ஜிம்ப் எதுக்குத் தோழர்?”

மாணவர் கூட்டங்களில் கட்டற்ற மென்பொருள் என்று பேச்செடுத்தாலே முதலில் வந்து விழும் கேள்வி இது. கேட்கும் தொனியிலேயே பதிலும் இருக்கும். பன்னாட்டு நிறுவனத்திடம் திருடினால் என்ன, அவன் என்ன ஏழையா என்று சிரிப்பார்கள். இன்னும் சிலர் இதற்குப் புரட்சிச் சாயமே பூசிவிடுவார்கள். முதலாளியின் சொத்தைப் பறிக்கிறார்களாம்.

பறித்தால் பறித்தது நம் கைக்கு வந்திருக்க வேண்டும். எது வந்தது? அந்த மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க முடியாது. நமக்கு ஏற்ப மாற்ற முடியாது. தம்பி ஒருவனுக்கு நேர்மையாக எடுத்துக் கொடுக்கவும் முடியாது. பழகிப்போன விரல்கள்தான் மிச்சம். அந்த விரல்களோடு வேலைக்குப் போனால் அங்கேயும் இதையே வாங்கித் தரச் சொல்லிக் கேட்போம். அடோபி நிறுவனம் 2013இல், புதிய பதிப்புகள் இனி சந்தாவுக்கு மட்டுமே என்று அறிவித்துவிட்டது. மாதாமாதம் கட்டினால் திறக்கும், நிறுத்தினால் மூடும். 2019 அக்டோபரில் அமெரிக்க அரசாணையைக் காட்டி, வெனிசுலா நாட்டுப் பயனர்கள் அத்தனை பேரின் கணக்குகளையும் மூடப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு, அந்த மாத முடிவுக்குள் அனுமதி பெற்றுத் திரும்பத் திறந்தார்கள். ஆனால் ஒரு நாட்டின் வடிவமைப்பாளர்கள் முழுவதையும் ஒரு கடிதத்தில் வெளியே நிறுத்த முடியும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. வாடகை வீட்டில் குடியிருந்து, சாதி தெரிந்ததும் சாமான்கள் வெளியே வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தையும் பார்த்துவிடுவோம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, களவுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லையென்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். கல்யாண ஆல்பம் போடுபவர் வீட்டுக் கதவை இதற்காக யாரும் தட்டுவதில்லை, உண்மைதான். ஆனால் நாம் வன்கொடுமை வழக்கில் புகார்தாரர் பக்கம் நிற்பவர்கள். எதிர்வழக்கு வரும், கணினியும் செல்போனும் பறிமுதலாகும் என்று எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டியவர்கள். நம்மீது போட ஒரு பிரிவைத் தேடிக்கொண்டிருக்கும் காவல் நிலையத்துக்கு அதை நாமே எடுத்துக் கொடுப்பது என்ன வகைப் புரட்சி?

சரி, கட்டற்றது என்றால் என்ன? இலவசம் என்று புரிந்துகொண்டு ஒதுக்குபவர்கள்தான் அதிகம். இந்த மாநிலத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்த முகச்சுளிப்போடு சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலேயே சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம் பிள்ளைகள் கைக்கு வந்தது. அது என்ன என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாததால் பலரும் நேராகக் கடைக்குக் கொண்டுபோய் அழித்துவிட்டு களவு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். கட்டற்ற மென்பொருளின் உள்ளடக்கம் வேறு. எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதையும் மாற்றாததையும் யாருக்கும் பகிரலாம். இவை உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமைகள். கருணை அல்ல. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கிய ஜிம்ப்பை இன்று யாராலும் நம்மிடமிருந்து திரும்பப் பெற முடியாது. செல்போனில் விளம்பரத்தோடு வரும் ‘ஃப்ரீ’ எடிட்டிங் செயலிகளை இதோடு சேர்க்காதீர்கள். அவற்றில் பலவும் படத்தைத் தங்கள் சர்வருக்கு ஏற்றித்தான் வேலை செய்கின்றன. அடிபட்டுக் கிடக்கும் ஒரு பெண்ணின் முகத்தை எந்த நாட்டு சர்வருக்கு அனுப்பினோம் என்று யோசித்திருக்கிறோமா?

எங்களுக்கு இந்த விவாதத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். சுவரொட்டி அழகாக வந்ததா என்பது பிறகு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், இச்சட்டத்தின் கீழான வழக்கு நடவடிக்கைகள் எல்லாம் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. நடைமுறையில் எரிந்த குடிசையையும் உடைந்த சிலையையும் முதலில் பதிவது பக்கத்து வீட்டுத் தம்பியின் செல்போன்தான். அந்தப் படம் என்ன ஆகிறது? வாட்ஸ்ஆப்பில் சுருங்குகிறது. குழுவில் ஒருவர் வெளிச்சத்தைக் கூட்டுகிறார். இன்னொருவர் சிவப்பு வட்டம் போடுகிறார். மூன்றாமவர் இயக்கத்தின் பெயரை மூலையில் பொறிக்கிறார். ஆறு மாதம் கழித்து, “இது ஜோடிக்கப்பட்ட படம்” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து நிற்கும்போது அசல் யாரிடமும் இருக்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு (பழைய 65பியின் இடத்தில் வந்தது) மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் விரல்ரேகை மாதிரி. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அது மாறிவிடும். லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளையில் எடுத்துவிடலாம், காசு கிடையாது.

கட்டற்ற கருவிகள் இந்த வேலைக்கு ஏற்றவை என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டார்க்டேபிள் என்ற மென்பொருள் அசல் படத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்யும் திருத்தங்களை எக்ஸ்எம்பி என்ற தனித் துணைக்கோப்பில் எழுதி வைக்கிறது. என்னென்ன செய்தோம் என்று யார் கேட்டாலும் திறந்து காட்டலாம். ஜிம்ப்பில் ‘சேவ்’ கொடுத்தால் லேயர்களோடு எக்ஸ்சிஎஃப் கோப்பாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் தனியாக ‘எக்ஸ்போர்ட்’ கொடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப் பழகியவர்கள் முதலில் எரிச்சலடைவது இதில்தான். அசலின் மேலேயே அழித்து எழுதும் நம் பழக்கத்துக்கு அந்த எரிச்சல் நல்ல மருந்து.

முகத்தை மறைப்பதும் இப்படித்தான். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையென்றால் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் சேரும். லேசாக மங்கலாக்கிவிட்டு மறைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஊர்க்காரர்களுக்குச் சேலையும் வாசற்படியுமே போதும். முகத்தை முழுக் கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப் தகவலுக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். வீடு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வரை அதில் இருக்கலாம். லேயர் உள்ள கோப்பை வெளியே அனுப்பவே கூடாது; கறுப்புக் கட்டத்தை நகர்த்தினால் அடியில் முகம் இருக்கும்.

முகம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஃபிளெக்ஸ்களில் அம்பேத்கர் ஏன் இளஞ்சிவப்பாக இருக்கிறார்? இரட்டைமலை சீனிவாசன் ஏன் பவுடர் போட்டதுபோல் இருக்கிறார்? படிப்பு முடித்த தங்கச்சிக்கு வாழ்த்து பேனர் வைத்தால், அவள் அம்மாவுக்கே மகளை அடையாளம் தெரியாத அளவுக்கு வெளுத்திருக்கிறாள். கோடாக் நிறுவனம் பல பத்தாண்டுகளாக வெள்ளைப் பெண்ணின் படம் உள்ள ‘ஷெர்லி’ அட்டையை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்க்கக் கொடுத்தது. கறுத்த தோல் ஒரு பிழை, திருத்தப்பட வேண்டியது என்ற எண்ணம் கருவிக்குள்ளேயே ஏறிவிட்டது. நம் செல்போன்களின் பியூட்டி மோடு அதன் பேரப்பிள்ளை. கட்டற்ற மென்பொருள் போட்டுவிட்டால் இது தானாக மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜிம்ப்பிலும் கர்வ்ஸை மேலே இழுத்தால் முகம் வெளுக்கத்தான் செய்யும். ஆனால் அங்கே இழுப்பது நம் கை. ஒரு பொத்தானுக்குள் யாரோ ஒளித்து வைத்த அழகுணர்ச்சி அல்ல. கறுப்பைக் கறுப்பாக, பளபளப்போடு அச்சுக்குக் கொண்டுவருவது கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம். அதை நாம்தான் கற்க வேண்டும், வேறு யாருக்கும் அது தேவைப்படாது.

“கடைக்காரர் பிஎஸ்டி கோப்புதான் கேட்கிறார்” என்பார்கள். ஃபிளெக்ஸுக்கு உயர் அளவுள்ள டிஃப் கோப்போ பிடிஎஃப்போ போதும், பெரும்பாலான கடைகள் வாங்கிக்கொள்ளும். அச்சு நிறப் பிரிப்பான சிஎம்ஒய்கேவில் ஜிம்ப் பலவீனமானது என்பது நியாயமான குறை. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் முன்னேறியிருந்தாலும், புத்தகம் போடுவதென்றால் ஸ்க்ரைபஸுக்கோ கிரிட்டாவுக்கோ போவதே நல்லது. தமிழைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். ஜிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் யூனிகோடு தமிழை நேராகத் தட்டலாம், கொம்பும் காலும் சிதறாது. வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று பழைய எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடக்கும் நம் பத்தாண்டுத் துண்டறிக்கைகளை இன்று தேடவும் முடியவில்லை, எடுத்து ஒட்டவும் முடியவில்லை. அந்தக் கோப்புகளில் பாதி டவுனில் உள்ள கடைக்காரர்களின் கணினியில் இருக்கின்றன. கடைக்காரர் எந்தச் சாதி என்பதைப் பொறுத்து, சில வாசகங்கள் அச்சாகும்போது காணாமல் போகும். இதை அனுபவிக்காத இயக்கத் தோழர் யாராவது உண்டா?

1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய அயோத்திதாசரும், 1920இல் ‘மூக்நாயக்’ தொடங்கிய அம்பேத்கரும் பிறர் பத்திரிகையில் ஓரத்தில் இடம் கேட்டு நின்றவர்கள் இல்லை. கையில் காசில்லாத காலத்தில் சொந்த இதழ் நடத்தினார்கள். இன்று படம் திருத்தும் கருவி அந்த அச்சு வேலையின் ஒரு பகுதி.

கட்டற்ற மென்பொருள் உலகம் சாதியற்ற உலகம் என்று நம்பி யாரும் போக வேண்டாம். சுதந்திரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இந்தக் கூடத்தில் எத்தனை பேர் சேரியிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டால், “இது டெக்னிக்கல் கூட்டம்” என்பார்கள். ஆனால் அதை அவர்களுடைய சொத்து என்று விட்டுக்கொடுக்கவும் காரணமில்லை. தமிழ்நாட்டில் அரசு நிறுவனமான எல்காட்டின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியவர் தலித் ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர். அவரைத்தான் 2010இல் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி இடைநீக்கம் செய்தார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். பெங்களூருவில் ஒரு குடிசைப் பகுதியில் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் நடத்திய கணினி மையத்துக்கு வைத்த பெயர் அம்பேத்கர் சமூகக் கணினி மையம். பழைய கணினிகளில் அந்தப் பிள்ளைகள் ஜிம்ப்பில் படம் வரைந்தார்கள். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது. கணியம் 2012 முதல் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் தெரியாது என்ற சாக்கும் போய்விட்டது.

வருகிற ஏப்ரல் 14க்கான சுவரொட்டிகளை எங்கள் குழு ஜிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் செய்கிறது. முடிந்த படங்களோடு, லேயர் பிரிக்காத மூலக் கோப்புகளையும் பொதுவில் வைக்கிறோம். உங்கள் ஊர்ப் பெயரை, கிளைப் பெயரை, உங்கள் தெருப் பிள்ளைகளின் படத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முகங்களை மட்டும் வெளுக்காதீர்கள்.