கூட்டத்துக்குப் பொறுமை இல்லையாம்!

"எல்லாருக்கும் காலை வணக்கம்!" என்கிறார் மேடையில் நிற்பவர். அரங்கமும் வணக்கம் சொல்கிறது. "என்ன, யாரும் டிபன் சாப்பிடலையா? சத்தம் பத்தலையே, இன்னொரு தடவை!" கல்லூரி விழா, கம்பெனிப் பயிலரங்கு, புத்தக வெளியீடு என்று எங்கே போனாலும் இதே பாட்டுதான். அப்புறம் எழுந்து நிற்க வேண்டும், பக்கத்து நாற்காலிக்காரரோடு கைகுலுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்த ஜோக்குக்குப் புதிதாகச் சிரிக்க வேண்டும். ஏனய்யா இந்தப் பாடு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை இல்லீங்க. கலகலப்பா வெச்சாத்தான் உட்காருவாங்க."

இதற்கு அறிவியல் முத்திரையும் குத்தியாயிற்று. மனிதனின் கவனம் 8 விநாடி, தங்கமீனுக்கே 9 விநாடி என்று பயிற்சியாளர்கள் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கனடா 2015இல் வெளியிட்ட அறிக்கை பரப்பிய கணக்கு இது. அந்த எண்ணை அவர்கள் அளந்து கண்டுபிடிக்கவில்லை. ஓர் இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டார்கள். 2017இல் பிபிசி அதன் வேரைத் தேடிப் போனது. அந்த இணையதளம் ஆதாரமாகக் காட்டிய இடங்களில் விசாரித்தால், அப்படியோர் ஆய்வு இருந்ததாகவே தெரியவில்லை என்றார்கள். பாவம் தங்கமீன்! நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சிகளில் அது பல காலமாகப் பயன்பட்டுவரும் உயிர். அதன் பெயரையும் சேர்த்துக் கெடுத்தாயிற்று.

ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்பவர்கள் வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை போய் வரட்டும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. சாப்பாடு முடிந்து தொடங்கும் கூத்து விடியும்வரை நடக்கும். பாய் விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் கையிலும் செல்போன் உண்டு. கதை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்துதான் படுகளத்துக்குக் கூடுகிறார்கள். நடுவில் கண்ணயர்கிறவர் உண்டு, டீ குடிக்கப் போகிறவரும் உண்டு. திரும்பி வந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்வார்கள். அதற்காகக் கூத்துக்காரர்கள் யாரையும் எழுப்பிக் கைதட்டச் சொல்வதில்லை.

அங்கேயும் சிரிப்பு உண்டு, கட்டியங்காரன் இருக்கிறானே! திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நின்று பாட்டிலேயே தன் வரவைச் சொல்லும்போது, "யார் நீ, எந்த ஊர்?" என்று மடக்குகிறவன் அவன். ராஜாவையே கிண்டலடிப்பான், உள்ளூர் வம்பையும் இழுப்பான். ஆனால் அவன் கேட்கும் கேள்விக்கு வேஷக்காரர் சொல்லும் பதிலில்தான் கதை நகர்கிறது. வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுவதும் நடுவே சந்தேகம் கேட்பதும் இதே வேலைதான். நம் மனதில் எழும் கேள்வியை அவர் முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறார். இங்கெல்லாம் சிரிப்பு கதையின் வயிற்றில் பிறக்கிறது. நம் மேடைகளிலோ அது அச்சடித்த அழைப்பிதழில் ஒட்டிய ஸ்டிக்கர்.

ஒட்டவைத்த சுவாரஸ்யம் பாடத்தையே கெடுக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் செய்த சோதனைகளில், விஷயத்தோடு சம்பந்தமில்லாத கதையும் படமும் சேர்ந்தபோது கற்றவர்கள் குறைவாகவே புரிந்துகொண்டார்கள். படத்தை விளக்கிப் பேசும்போது அதே வாக்கியங்களைத் திரையிலும் ஓடவிட்டால் புரிதல் குறைகிறது என்றும் அவர் காட்டியிருக்கிறார். ஸ்லைடில் இருப்பதை வரிவரியாக ஒப்பிக்கும் பெருமக்கள் கவனிக்க.

கூட்டம் நெளிவதற்கு உண்மையான காரணம் அழைப்பிதழிலேயே இருக்கிறது. 6 மணி நிகழ்ச்சி 7 மணிக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர், ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. யார் பேச்சைக் கேட்க வந்தோமோ அவர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 9. கடைசி பஸ்ஸை நினைத்துக் கடிகாரம் பார்க்கிறவரைப் பொறுமை கெட்டவர் என்பது என்ன நியாயம்? மைக் எதிரொலித்து, பின்வரிசைக்குப் பாதி வார்த்தைதான் வந்து சேர்கிறது என்றால் அவர் செல்போனை எடுக்காமல் என்ன செய்வார்?

ஜனங்களுக்குப் பொறுமை இல்லை என்ற நம்பிக்கை, பொய் என்று தெரிந்தும் சாகாது. பேசுகிறவருக்கு அது அவ்வளவு வசதி. தயார் செய்யாமல் வரலாம். எடுபடாவிட்டால் பழி கேட்டவர் தலையில். உற்றுக் கேட்பவர் பெரும்பாலும் சும்மாதான் இருப்பார். அந்த அமைதியைத் தூக்கம் என்று நினைத்து அவரைத் தட்டி எழுப்புவது, கேட்கவந்தவரை அவமதிப்பது.

கூட்டம் கலைகிறதா? முதலில் நிகழ்ச்சி நிரலில் பாதியை அடியுங்கள். அடுத்து, பேசப்போகிறவரிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் ஜனங்கள் எழுந்து போனால், அப்போது அவர்களைத் திட்டலாம்.